ஆய்வகத்தில் வளர்த்த குருத்தெலும்பை மூட்டின் சுமைக்கு ஏற்ப வலுப்படுத்துவது எப்படி

நான்கு வாரம் வளர்த்தெடுத்த குருத்தெலும்பு வில்லையை முதன்முறையாக இடுக்கியால் தூக்கிப் பார்ப்பவருக்கு மகிழ்ச்சியும் ஏமாற்றமும் ஒருங்கே வரும். கன்றுக்குட்டியின் முழங்காலில் காணும் குருத்தெலும்பைப் போலவே அது வெண்மையாகப் பளபளக்கும். குருத்தெலும்பின் சர்க்கரைச் சங்கிலிப் பொருளைக் காட்டும் சஃப்ரானின்-ஓ சாயம் ஏற்றினால் நன்றாகச் சிவக்கும். ஆனால் இரு ஓரங்களையும் பிடித்து மெல்ல இழுத்தால், இளநீர் வழுக்கையைப் போலப் பிய்ந்துவிடும். அந்த வழுக்கையை, ஒருவர் படியேறும்போது சில மெகாபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய திசுவாக மாற்றுவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். செல் வளர்ப்பின் அடிப்படைகளை ஏற்கெனவே கற்று, திசுப் பொறியியல் ஆய்வகத்தில் பணியைத் தொடங்கியிருக்கும் மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

எது வலிமை தருகிறது

இயற்கையான மூட்டுக் குருத்தெலும்பின் எடையில் ஏறத்தாழ 65 முதல் 80 சதவீதம் நீர். நீரை நீக்கிவிட்டால் எஞ்சுவதில் பாதிக்கும் மேல் கொலாஜன். அதிலும் பெரும்பகுதி இரண்டாம் வகைக் கொலாஜன். அடுத்து வருவன, சர்க்கரைச் சங்கிலிகள் கோத்த புரதங்களான புரோட்டியோகிளைக்கான்கள். இவை அனைத்தையும் உண்டாக்கும் செல்கள், வளர்ந்த மனிதரின் குருத்தெலும்பில் கன அளவில் சுமார் 2 சதவீதம்தான்.

இந்தப் பொருள்கள் ஒன்றோடொன்று எப்படி ஒத்துழைக்கின்றன என்பதை இலவம்பஞ்சு மெத்தையை வைத்து விளக்குவது என் வழக்கம். புரோட்டியோகிளைக்கான்களின் சர்க்கரைச் சங்கிலிகளில் எதிர்மின்னேற்றம் நிறைந்திருப்பதால் அவை நீரை இழுத்துக்கொண்டு உப்ப முயல்கின்றன. அவையே மெத்தைக்குள் அடைத்த பஞ்சு. அந்த உப்பலை எல்லை மீறாமல் பிடித்து வைக்கும் உறைத்துணி கொலாஜன் வலை. பஞ்சை எவ்வளவு திணித்தாலும் உறைத்துணி நைந்திருந்தால், உட்கார்ந்த உடனே மெத்தை பிதுங்கிக் கிழியும். இயற்கைக் குருத்தெலும்பின் அமுக்கக் குணகம் (அமுக்கும்போது எவ்வளவு விறைப்பாக எதிர்க்கிறது என்பதன் அளவு) பொதுவாக அரை மெகாபாஸ்கலுக்கும் ஒரு மெகாபாஸ்கலுக்கும் இடையில் இருக்க, அதன் இழுவிசைக் குணகம் 5 முதல் 25 மெகாபாஸ்கல் வரை உயர்ந்திருப்பதற்குக் காரணம் இந்த உறைத்துணிதான்.

ஆய்வகத் திசுவில் பஞ்சு எளிதாகச் சேர்ந்துவிடுகிறது. சில வாரங்களிலேயே சர்க்கரைச் சங்கிலிகளின் அளவு இயற்கைத் திசுவின் அளவை எட்டுகிறது; சில வேளைகளில் அதைத் தாண்டியும் விடுகிறது. கொலாஜனோ மிகவும் பின்தங்கி நிற்கிறது. சேரும் கொலாஜனிலும் இழைகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்புகள் குறைவாகவே இருக்கின்றன. ஆகவே வலுப்படுத்துதல் என்றால், கொலாஜனைப் பெருக்குவது, அதை நெருக்கமாக அடுக்குவது, அடுக்கிய இழைகளைக் கட்டுவது ஆகிய மூன்றும் இந்த வரிசையிலேயே நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அமுக்கக் குணகம் உயர்ந்ததைக் கண்டு மனநிறைவடைந்து இழுவிசையைச் சோதிக்காமல் விடுவதுதான் இத்துறையில் தொடங்குவோர் செய்யும் பெரும் பிழை.

செல்லும் அதன் உறைவிடமும்

வலுவற்ற செல்களிலிருந்து தொடங்கி வலுவான திசுவைப் பெற முடியாது. குருத்தெலும்பைக் கொலாஜனேஸ் நொதியில் ஓர் இரவு ஊறவைத்துப் பிரித்தெடுக்கும் செல்களைத் தட்டையான வளர்ப்புக் குடுவையில் பெருக்கும்போது, ஒவ்வொரு மறுவிதைப்பிலும் (நிரம்பிய செல்களைப் பிரித்துப் புதிய குடுவைக்கு மாற்றும்போது) அவை தம் இயல்பைச் சிறிது சிறிதாக இழந்து, நார்த்திசுச் செல்களைப் போல நீண்டு, இரண்டாம் வகைக்குப் பதிலாக முதல் வகைக் கொலாஜனைச் சுரக்கத் தொடங்கும். இளங்கன்றின் செல்களைப் பெருக்காமல் நேரடியாகப் பயன்படுத்தினால் இச்சிக்கல் எழாது. ஆனால் மனிதச் செல்களோடு பணிபுரிவோருக்கு அந்த வசதி கிடையாது. பெருக்கிய செல்களை முப்பரிமாண உருண்டைகளாகத் திரட்டி, வளர்ச்சிக் காரணி (செல்களைத் தூண்டும் புரதம்) சேர்த்து ஒன்றிரண்டு வாரம் வைத்திருந்தால் இழந்த இயல்பின் பெரும்பகுதி மீளும். இந்தக் கட்டத்தைத் தவிர்த்துவிட்டுப் பின்னால் எத்தனை நொதி சேர்த்தாலும், தவறான வகைக் கொலாஜனைத்தான் கட்டிக்கொண்டிருப்போம்.

செல்களை வளர்க்க இரு வழிகள் உண்டு. அகரோஸ் போன்ற கூழ்மத்திலோ பாலிகிளைகோலிக் அமில நார்வலையிலோ செல்களை ஏற்றுவது ஒன்று. தாங்குசட்டகம் ஏதுமின்றி, செல்கள் ஒட்ட முடியாத அகரோஸ் குழிகளில் பல லட்சக்கணக்கான செல்களை நெருக்கமாக இட்டு, அவை தாமாகவே ஒன்றுசேர்ந்து திசுவாகும்படி விடுவது மற்றொன்று. இந்தச் சட்டகமற்ற முறையைத் திசுப் பொறியியல் ஆய்வாளர்களான கிரியாகோஸ் அதனசியோவும் ஜெர்ரி ஹூவும் 2006-இல் விரிவாக வெளியிட்டனர். கூழ்மத்தில் வளர்ப்பது கையாள எளிது, அமுக்கப் பயிற்சிக்கும் ஏற்றது. சட்டகமற்ற திசுவிலோ சுமை நேரடியாகச் செல்லையும் அது சுரந்த பொருளையும் சென்றடைகிறது, சிதைந்து கரைய வேண்டிய அந்நியப் பொருளும் அதில் இல்லை. இழுவிசையை உயர்த்துவதே குறிக்கோள் என்றால் நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.

ஊடகத்தில் கவனிக்க வேண்டியவை

குருத்தெலும்புக்கான வளர்ப்பு ஊடகத்தின் சேர்மானம் ஏறக்குறைய எல்லா ஆய்வகங்களிலும் ஒன்றே: குளுக்கோஸ் மிகுந்த அடிப்படை ஊடகம், இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், செலினியம் அடங்கிய கலவை, 100 நானோமோலார் டெக்ஸாமெத்தசோன், மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் அஸ்கார்பேட்-2-பாஸ்பேட், 40 மைக்ரோகிராம் புரோலின், 100 மைக்ரோகிராம் பைருவேட். இவற்றுள் அஸ்கார்பேட்டை ஒருபோதும் அலட்சியப்படுத்தக் கூடாது. கொலாஜன் சங்கிலியிலுள்ள புரோலினையும் லைசினையும் ஹைட்ராக்ஸி வடிவத்துக்கு மாற்றும் நொதிகளுக்கு வைட்டமின் சி தேவை. அது இல்லாவிட்டால் கொலாஜனின் மூன்று சங்கிலிகள் பின்னிய மூவிழை முறுக்கு நிலைக்காது, பின்னர் வரவேண்டிய குறுக்குப் பிணைப்புக்கும் இடம் அமையாது. கப்பலில் மாதக்கணக்கில் பயணித்த மாலுமிகளின் ஈறுகள் கரைந்ததற்குக் காரணமான அதே குறைபாடுதான் வளர்ப்புத் தட்டில் நைந்த திசுவாகத் தென்படுகிறது.

வளர்ச்சிக் காரணிகளுள் டிஜிஎஃப்-பீட்டா (TGF-β) குடும்பமே முதன்மையானது. மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் என்பது வழக்கமான அளவு. அதைத் தொடக்கம் முதல் இறுதி வரை கொடுப்பதைவிட முதல் இரண்டு வாரம் மட்டும் கொடுத்து நிறுத்துவது, அகரோஸில் வளர்த்த திசுவில் மேலான விளைவைத் தந்தது என்பதை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழுவினரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. விலையுயர்ந்த பொருளைக் குறைவாகப் பயன்படுத்தி நிறைவான பலனைப் பெறும் வாய்ப்பு ஆய்வகத்தில் அரிதாகவே வாய்க்கும். இதை நழுவவிட வேண்டாம்.

அடுத்தது, முதலில் கேட்பவருக்கு முரணாகத் தோன்றும் ஒரு செயல். வலுப்படுத்த வேண்டிய திசுவிலிருந்தே ஒரு பொருளை வெளியேற்றுகிறோம். காண்ட்ராய்ட்டினேஸ்-ஏபிசி என்னும் நொதியை முதல் இரண்டு வாரங்களுக்குள் மில்லிலிட்டருக்கு 2 யூனிட் என்ற அளவில் சுமார் 4 மணி நேரம் செலுத்தினால், அது சர்க்கரைச் சங்கிலிகளை வெட்டி நீக்குகிறது. இழைகளுக்கு இடையே உப்பி நின்ற பொருள் அகன்றதும் கொலாஜன் இழைகள் நெருங்கி அடுக்கப்படுகின்றன. அதன்பின் செல்கள் நீக்கப்பட்ட சங்கிலிகளைச் சில வாரங்களில் மீண்டும் சுரந்துவிடுகின்றன. ஆனால் நெருங்கிய கொலாஜன் நெருங்கியே இருப்பதால் இழுவிசைப் பண்புகள் உயர்ந்து நிற்கின்றன. மெத்தையைப் பிரித்துப் பஞ்சை எடுத்து, உறையை இறுக்கித் தைத்த பிறகு மறுபடி அடைப்பதைப் போன்றது இது. குறித்த நேரம் முடிந்ததும் துத்தநாக சல்பேட்டால் நொதியின் செயலை நிறுத்தி, திசுவை ஊடகத்தால் பலமுறை கழுவுங்கள். இதைச் செய்தபின் ஒரு வாரத்துக்குள் அமுக்கக் குணகத்தை அளந்தால் எண்கள் மிகவும் தாழ்ந்திருக்கும். அதைக் கண்டு சோதனையைக் கைவிட்டுவிடாதீர்கள்.

இழைகளைக் கட்டுதல்

இப்போது கட்டும் வேலை. உடலில் கொலாஜன் இழைகளைக் கட்டுவது லைசைல் ஆக்ஸிடேஸ் என்னும் நொதி. அது லைசின், ஹைட்ராக்ஸிலைசின் ஆகியவற்றின் முனைகளை ஆல்டிஹைடாக மாற்றுகிறது. அந்த முனைகள் அண்டையிலுள்ள கொலாஜனோடு முதலில் இருமுனைப் பிணைப்பாகச் சேர்ந்து, நாளடைவில் பிரிடினோலின் எனப்படும் மும்முனைப் பிணைப்பாக முதிர்கின்றன. அந்த நொதி செயல்படத் தாமிரம் வேண்டும். தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கும் இனிப்புப் பட்டாணிக் கொடியின் விதையைத் தின்ற விலங்குகளின் எலும்பும் குருத்தெலும்பும் உருக்குலைவதைக் கவனித்த மருத்துவ ஆய்வாளர்கள், அதற்குக் காரணமான சேர்மம் இந்த நொதியையே முடக்குகிறது என்று பின்னர் அறிந்தனர். பீட்டா-அமினோபுரோப்பியோநைட்ரைல் என்னும் அச்சேர்மத்தை இன்று நாம் ஒப்பீட்டுச் சோதனைக்குப் பயன்படுத்துகிறோம்: உங்கள் திசுவின் வலிமை உண்மையிலேயே குறுக்குப் பிணைப்பால் வந்ததா என்பதை அறிய, ஒரு தொகுதி வில்லைகளில் இதைச் சேர்த்துப் பாருங்கள், வலிமை சரிந்தால் உங்கள் முடிவு சரியானது.

நொதியின் வேலையைத் தூண்ட இரண்டு வழிகள் நன்கு சோதிக்கப்பட்டுள்ளன. முதல் வழி ஆக்சிஜனைக் குறைப்பது. மூட்டுக் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லாததால் அங்குள்ள செல்கள் ஒற்றை இலக்கச் சதவீத ஆக்சிஜனிலேயே வாழ்நாளைக் கழிக்கின்றன. நாமோ அவற்றைச் சுமார் 20 சதவீத ஆக்சிஜன் கொண்ட காற்றில் வளர்க்கிறோம். நைட்ரஜன் இணைப்புள்ள இன்குபேட்டரில் ஆக்சிஜனை 4 சதவீதமாகக் குறைத்து வளர்த்தபோது, செல்கள் லைசைல் ஆக்ஸிடேஸை அதிகமாக உண்டாக்கின, பிரிடினோலின் பெருகியது, இழுவிசையும் உயர்ந்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் அதனசியோ குழுவினர் 2013-லும் 2014-லும் இதை வெளியிட்டனர். ஊடகம் மாற்றும் ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்தால் ஆக்சிஜன் உடனே ஏறிவிடும் என்பதால், ஊடகத்தையும் முன்னதாகவே குறை ஆக்சிஜனில் வைத்துப் பதப்படுத்துங்கள்.

இரண்டாம் வழி, நொதியையே வெளியிலிருந்து கொடுப்பது. லைசைல் ஆக்ஸிடேஸ் குடும்பத்தைச் சேர்ந்த நொதியோடு, மூலப்பொருளாக ஹைட்ராக்ஸிலைசினையும் துணையாகத் தாமிர சல்பேட்டையும் மைக்ரோகிராம் அளவுகளில் ஊடகத்தில் கலக்கிறார்கள். தாமிரம் கூடினால் செல்கள் மடியும். எனவே உங்கள் செல்களில் முதலில் நச்சுத்தன்மைச் சோதனை செய்தே அளவை முடிவுசெய்யுங்கள். எப்போது சேர்ப்பது என்பது எவ்வளவு சேர்ப்பது என்பதைப் போலவே முக்கியம். கொலாஜன் போதிய அளவில் சேர்வதற்கு முன்பே நொதியைக் கொடுத்தால் கட்டுவதற்கு இழை இராது. மும்முனைப் பிணைப்பு முதிர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், நொதி கொடுத்த மறுநாளே பலனை எதிர்பார்க்கவும் கூடாது.

வேதிப்பொருள்களால் கட்டிவிடலாமே என்ற கேள்வி ஒவ்வோராண்டும் ஒரு மாணவரிடமிருந்தாவது வருகிறது. பன்றி, மாடு ஆகியவற்றின் இதயத்திசுவிலிருந்து செய்யும் வால்வுகளை குளூட்டரால்டிஹைடு கொண்டு பதப்படுத்துகிறார்கள் என்பது உண்மையே. ஆனால் அங்கே உயிருள்ள செல்கள் தேவையில்லை. நமக்கு உள்ளிருக்கும் செல்கள் வாழ வேண்டும். ரைபோஸ் சர்க்கரையால் உண்டாகும் பிணைப்பு திசுவை விறைக்கச் செய்யும். எனினும் அது முதுமையிலும் நீரிழிவிலும் சேரும் பிணைப்பின் வகையைச் சார்ந்தது, திசுவை எளிதில் உடையும் தன்மைக்குத் தள்ளக்கூடியது. கார்டீனியாப் பழத்திலிருந்து எடுக்கும் ஜெனிபின் இவற்றைவிட மென்மையானது, திசுவை நீலமாக்கும். செல்லின் சொந்த நொதி செய்யும் கட்டுக்கு இவை எதுவும் ஈடல்ல என்றே நான் கருதுகிறேன்.

சுமை கற்பித்தல்

1996-97-இல் மிர் விண்வெளி நிலையத்தில் செய்த ஒரு சோதனை இப்பகுதிக்கு மிகச் சிறந்த முன்னுரை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகக் குழுவினர், கன்றுச் செல்களைப் பாலிகிளைகோலிக் அமில வலையில் ஏற்றிப் பூமியில் மூன்று மாதம் வளர்த்த பிறகு, ஒரு பகுதியை மிர் நிலையத்திலும் மறுபகுதியைப் பூமியிலுமாக மேலும் நான்கு மாதம் வைத்திருந்தனர். எடையின்மையில் இருந்த திசு உருண்டையாகவும் இயந்திரப் பண்புகளில் தாழ்ந்தும் இருந்தது. பளுவை அறியாத குருத்தெலும்பு வலுப்பெறாது.

ஆய்வகத்தில் பளுவை மூன்று வகையில் தரலாம். அமுக்கம் அவற்றுள் பழமையானது. ராபர்ட் மாக், கிளார்க் ஹங், ஜெரார்ட் அட்டேஷியன் முதலியோர் 2000-இல் வெளியிட்ட சோதனையில், அகரோஸ் வில்லைகளை 10 சதவீதம் அமுக்கி, நொடிக்கு ஒரு முறை என்ற நடையின் தாளத்தில், ஒரு மணி பளு, ஒரு மணி ஓய்வு என நாளுக்கு மூன்று சுற்றாக, வாரம் ஐந்து நாள், நான்கு வாரம் பயிற்சி கொடுத்தனர். பயிற்சி பெற்றவற்றின் குணகம் சுமார் 100 கிலோபாஸ்கல். பெறாதவை சுமார் 15. அதே குழுவினரின் பிந்தைய ஆய்வு இன்னொன்றையும் தெளிவாக்கியது: வளர்ச்சிக் காரணி கொடுக்கும் நாள்களிலேயே பளுவையும் ஏற்றுவதைவிட, இரண்டு வாரம் காரணியைக் கொடுத்து நிறுத்திவிட்டுப் பிறகு பளு ஏற்றுவது பெரிதும் நல்லது. செல்லைச் சுற்றி ஒரு மெல்லிய உறையாவது உருவாகாமல் அமுக்கினால் அது சேதமே அடையும்.

நீரழுத்தம் இரண்டாவது வகை. திசுவை உருமாற்றாமல் எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தும் இம்முறையில், 10 மெகாபாஸ்கல் நிலையான அழுத்தத்தை நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் 10-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள் வரை கொடுப்பது சட்டகமற்ற திசுவில் பலன் தந்தது. அழுத்தக் கலத்தினுள் காற்றுக்குமிழ் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஊடகத்தை வெப்பத்தில் மூடும் பைகளில் நிரப்பும்போதே குமிழ்களை அகற்றிவிடுங்கள்.

மூன்றாவதான இழுவிசை, நீண்ட காலம் புறக்கணிக்கப்பட்டது. குருத்தெலும்பு அமுக்கத்தைத் தாங்கும் திசு என்பதால் அதை இழுத்து வளர்ப்பதைப் பலரும் எண்ணிப் பார்க்கவில்லை. 2017-இல் அதனசியோ குழுவினர், வளரும் சட்டகமற்ற திசுவை இரு முனைகளிலும் பிடித்துத் தொடர்ச்சியாக இழுத்து வைத்தபோது, இழுவிசைப் பண்புகள் பயிற்சி பெறாதவற்றைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு உயர்ந்தன. இழைகளும் இழுத்த திசையில் வரிசைப்பட்டன. மனிதச் செல்களிலும் இது பலித்தது. செலவு மிகுந்த பயோரியாக்டர் (திசு வளர்ப்புக் கருவி) வாங்க வழியில்லாத ஆய்வகத்துக்கும் இம்முறை ஏற்றது; திசுவைச் செவ்வகமாக வார்த்து, இரு முனைகளிலும் கம்பம் மாட்டத் துளைவிட்டு, திருகால் இடைவெளியைக் கூட்டும் எளிய சட்டத்தை எந்தப் பட்டறையிலும் செய்துகொள்ளலாம். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) இட்டு நுண்ணுயிர் நீக்கக்கூடிய துருப்பிடிக்காத எஃகு மட்டுமே வேண்டும்.

கால அட்டவணை

மேற்சொன்ன அனைத்தையும் ஒரே சோதனையில் திணிக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே செய்து, உங்கள் செல்லில் அது பலிக்கிறதா என்று பார்த்த பிறகே இணையுங்கள். இணைக்கும்போது நான் பரிந்துரைக்கும் ஒழுங்கு இது: முதல் வாரம் திசு அமைதியாகச் சேரட்டும், வளர்ச்சிக் காரணி மட்டும் போதும்; அந்த வாரத்தின் முடிவில் ஒருமுறை காண்ட்ராய்ட்டினேஸ்; இரண்டாம் வாரத்தில் இழுவிசையோ நீரழுத்தமோ; அதன் பின்னர் குறுக்குப் பிணைப்பு நொதியும் குறை ஆக்சிஜனும். நான்கு வாரத்தில் அளந்து நிறுத்திவிடாமல், சில வில்லைகளை ஆறு அல்லது எட்டு வாரம் வரை வைத்துப் பாருங்கள். முதிர்ந்த பிணைப்புகள் அப்போதுதான் முழுமையாகத் தெரியும்.

அளப்பதில் நேர்மை

அமுக்கச் சோதனைக்கு 3 மில்லிமீட்டர் துளைப்பானால் வெட்டிய வில்லையை உப்புக்கரைசலில் மூழ்கவைத்து, 10 சதவீதம், பின்பு 20 சதவீதம் எனப் படிப்படியாக அமுக்கி, ஒவ்வொரு படியிலும் தகைவு தளர்ந்து நிலைகொள்ளும்வரை காத்திருங்கள். நீர் வெளியேற எடுக்கும் நேரமே குருத்தெலும்பின் இயல்பு என்பதை வான் மோ முதலியோரின் 1980-ஆம் ஆண்டு இருகட்டக் கோட்பாடு (திசுவைத் திண்மமும் நீரும் சேர்ந்த ஒன்றாகக் கருதுவது) விளக்குகிறது. அவசரப்பட்டு எடுத்த எண் நீரின் எண்ணே தவிர திசுவின் எண் அன்று. இழுவிசைக்கு இடை சிறுத்த வடிவில் துண்டு வெட்டி, குறுக்குப் பரப்பைப் புகைப்படத்தால் அளந்து, அறும்வரை இழுங்கள். துண்டு இடையில் அறாமல் பிடிப்பருகே அறுந்தால் அந்த எண்ணைச் சேர்க்காதீர்கள். மேசைமேல் சில நிமிடம் உலர்ந்த துண்டு பொய்யான வலிமையைக் காட்டும். அதை நான் மாணவனாக இருந்தபோது பெரிய வெற்றி என்று நம்பி ஒரு மாதத்தை இழந்திருக்கிறேன்.

கொலாஜன் அளவுக்கு ஹைட்ராக்ஸிபுரோலின் சோதனையும், வகையை அறிய முதல், இரண்டாம், பத்தாம் வகைகளுக்கான எதிர்ப்புரதச் சாயமும், பிரிடினோலினுக்கு உயர்திறன் திரவ நிறப்பிரிகையும் தேவை. எலும்புமச்சை மூலச்செல்களைப் பயன்படுத்துவோர் பத்தாம் வகையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அது மிகுந்தால் திசு சுண்ணாம்பேறி எலும்பாகும் பாதையில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒப்பீடாக, இயற்கைக் குருத்தெலும்பையும் அதே கருவியில் அதே நாளில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டில் பொருத்தும் நேரம்

மாற்றுத் திசுவாகப் பயன்படுத்தும்போது ஓர் உண்மையான முரண் எதிர்ப்படும். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து நாள் வளர்ந்த இளந்திசு அண்டைக் குருத்தெலும்போடு நன்றாக ஒட்டியது. ஐந்து வாரம் முதிர்ந்தது வலிமையாக இருந்தும் ஒட்டுவதில் பின்தங்கியது. வலுவேற்ற வலுவேற்ற, விளிம்பில் புதிய இழை நெய்யும் செல்களின் சுறுசுறுப்பு குறைகிறது. முதிரவிட்ட திசுவையே பொருத்த வேண்டியிருந்தால், இரு விளிம்புகளையும் கூரிய துளைப்பானால் ஒரே வெட்டில் வெட்டிச் செல் மடிவைக் குறையுங்கள். பொருத்தும் இடத்தில் லைசைல் ஆக்ஸிடேஸ் கொடுப்பது எல்லைக்குக் குறுக்கேயும் பிணைப்புகளை உண்டாக்கி ஒட்டுதலை வலுப்படுத்துகிறது என்று 2013-இல் காட்டப்பட்டுள்ளது. மடிந்த செல்கள் நிறைந்த மழுங்கல் வெட்டில் எந்த நொதியும் உதவாது.

மனிதருக்குச் செல்லும் முன் ஆடு, செம்மறி, குதிரை, சிறுபன்றி போன்ற பெரிய விலங்குகளின் மூட்டில் சோதிப்பது அவசியம். எலியின் தோலடியில் வைத்த திசு பளுவைச் சந்திப்பதில்லை. தாடை மூட்டின் வட்டுக்காக, விலா எலும்புக் குருத்தெலும்பின் செல்களிலிருந்து வளர்த்த திசுவைச் சிறுபன்றிகளில் பொருத்திய 2018-ஆம் ஆண்டுப் பணியை இவ்வகையில் படித்துப் பார்க்கலாம். அங்கே செல் கொடுத்த விலங்கும் பெற்ற விலங்கும் வேறு வேறு. பொருத்திய பின்னரும் பளுவை உடனே ஏற்றக் கூடாது. செல்லைச் சவ்வில் ஏற்றிப் பொருத்தும் இன்றைய சிகிச்சையில்கூட நோயாளிகள் வாரக்கணக்கில் ஊன்றுகோலுடன் நடந்து, படிப்படியாகவே முழு எடையைக் காலில் வைக்கிறார்கள். ஆய்வகத்தில் இரண்டு வாரம் காத்திருந்து அமுக்கப் பளு ஏற்றியதற்கான காரணமே இங்கும் பொருந்தும்: புதிய எல்லையில் இழைகள் பின்னி, அவை கட்டப்படும்வரை அந்த முழங்காலுக்கு மென்மையான அசைவு மட்டும் போதும்.